குடலுக்குள் வெட்டிய கான்கள்

ஹட்டனில் உயர்தரம் படிக்கும் மருமகன் போன வாரம் கேட்டான்: "மாமா, இடைச்சிறுகுடல் எங்க முடியுது, சுருட்குடல் எங்க தொடங்குது? படத்துல கோடே இல்லையே!"

உடம்பிலும் கோடு இல்லை. சிறுகுடலின் மூன்று பகுதிகளில் முதலாவதான முன்சிறுகுடல் மட்டும் தெளிவு. நீளம் பன்னிரண்டு விரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு, சுமார் 25 சென்ரிமீற்றர். சதையியை (கணையத்தை) அரைவட்டமாக அணைத்தபடி கிடக்கும். பித்தநீர் வந்து சேர்வது இங்கேதான். மீதியை ஐந்தாகப் பிரித்தால் முதல் இரண்டு பங்கு இடைச்சிறுகுடல், மற்றது சுருட்குடல். அதுவும் உத்தேசக் கணக்குத்தான்.

சரி, உள்ளே என்ன மாறுகிறது? மழைக்காலத்தில் தேயிலை மலையைப் பாருங்கள். கான், அதாவது வடிகால், வெட்டாத சரிவில் தண்ணீர் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடும். குறுக்கே கான் இருந்தால் தயங்கித் தயங்கி இறங்கும், மண் குடித்துக்கொள்ளும். இடைச்சிறுகுடலின் உட்சுவரிலும் அப்படிக் குறுக்கு மடிப்புகள் நெருக்கமாக நிற்கின்றன. கான் பள்ளம், இது மேடு, வேலை ஒன்றுதான். உணவுக்கூழ் அவற்றில் மோதிச் சுழன்று மெதுவாக நகர்கிறது. இரைப்பை நிரம்பினால் அதன் மடிப்புகள் விரிந்து மறைந்துவிடும். இவை மறையாது; உட்சவ்வு மட்டுமல்ல, அதற்கு அடியிலுள்ள படையும் சேர்ந்து எழும்பி நிலையாக நிற்கிறது. கீழே போகப்போக மடிப்புகள் குட்டையாகி, ஐதாகி, சுருட்குடலின் கடைசியில் ஏறக்குறைய இல்லாமலே போகின்றன.

மடிப்புகளின் மேல் தேயிலைச் செடிகள் போல சடைமுளைகள், சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள். எல்லாவற்றையும் விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்றுதான் எனக்கும் படிப்பித்தார்கள். 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் திரும்ப அளந்தபோது சிறுகுடலுக்கு வந்தது சுமார் 30 சதுர மீற்றர். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா (தோட்டத்து லயன் வீட்டு அறை) மூன்றுகூட இல்லை. தெரிந்ததைத் திரும்ப அளக்கக் காசு கேட்டால் இங்கே சிரிப்பார்கள். என்னைக் கேட்டால், முதலில் கொடுக்கவேண்டியது அதற்குத்தான்.

சத்திரசிகிச்சை நிபுணர் குடலைத் தாங்கும் சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவார். இடைச்சிறுகுடல் பக்கம் கொழுப்புக் குறைவு; நீண்ட நேர்க் குழாய்களுக்கு நடுவே ஜன்னல் போல வெளிச்சம் தெரியும். சுருட்குடல் பக்கம் கொழுப்பு மண்டி, குழாய்கள் குட்டையாக இருக்கும்.

வேலையும் இடத்துக்கு இடம் வேறு. விற்றமின் பி12 சுருட்குடலின் கடைசி முனை வரை காத்திருக்கும். இரும்புக்கு அந்தப் பொறுமை கிடையாது. பெரும்பகுதி முன்சிறுகுடலிலும் அதை ஒட்டிய துண்டிலுமே உறிஞ்சப்படுகிறது. சாயத்தண்ணியிலுள்ள (பால் விடாத தேநீரிலுள்ள) துவர்ப்புப் பொருள்கள் அந்த இடத்தில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டால், போனது போனதுதான்.

காலையில் பிரட்டில் (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) பெயர் கொடுத்துக் கொழுந்து எடுத்த காலத்தில் அம்மா கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையைச் சாயத்தண்ணியோடுதான் விழுங்குவார். "ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிங்கம்மா" என்றால், "அப்ப பிரட்டுக்கு உங்க அப்பாவா போவாரு?" என்பார்.