ஒளிச்சேர்க்கை: சொல்லும் பொருளும்

நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு, ஒளியின் ஆற்றலால் தாவரம் சர்க்கரை ஆக்கிக்கொள்வதே ஒளிச்சேர்க்கை. ஒளியாக வந்த ஆற்றல் அந்தச் சர்க்கரையின் வேதிப் பிணைப்புகளில் தங்கிவிடுகிறது. நம் தட்டில் விழும் சோற்றில் இருப்பதும் அந்த ஆற்றல்தான்.

ஆங்கிலத்தில் ஃபோட்டோசிந்தசிஸ். கிரேக்க வேர்களில் 'ஃபோட்டோ' ஒளியையும் 'சிந்தசிஸ்' கூட்டி அமைப்பதையும் குறிக்கும். வேர்கள் பழையவை என்றாலும் சொல் புதியது. 1893இல் அமெரிக்கத் தாவரவியலாளர் சார்லஸ் பார்ன்ஸ் முன்வைத்த இரண்டு பெயர்களில் இது ஒன்று. அவர் விரும்பியது ஃபோட்டோசின்டாக்ஸ், நிலைத்தது மற்றது. அதுவரை வழங்கிய 'அசிமிலேஷன்' என்ற சொல், உண்ட உணவு உடலோடு ஒன்றுவதையும் குறித்ததால் தனிப்பெயர் தேவைப்பட்டது.

தமிழ்ச் சொல்லை மகரந்தச் சேர்க்கையைப் போலப் பிரித்துப் பார்க்கும் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். அங்கே மகரந்தம் சூலகமுடியில் போய்ச் சேர்கிறது. இங்கே ஒளி எதனோடும் போய்ச் சேர்வதில்லை. 'ஒளியால் நிகழும் சேர்க்கை' என்று விரிக்க வேண்டும். 'ஆல்' உருபும் 'நிகழும்' என்ற சொல்லும் மறைந்து நிற்பதால், இது மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. சேர்பவை கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள். சேர்த்து வைப்பது ஒளி.

அந்தச் சேர்க்கைக்கு முன்னால் ஒரு பிளவு நடக்கிறது. பசுங்கணிகத்திலுள்ள பச்சையம் ஒளியை உறிஞ்சி எலக்ட்ரான்களை இழக்கிறது. இழப்பை ஈடுகட்ட நீர் மூலக்கூறு பிளக்கப்பட, ஆக்சிஜன் வெளியேறுகிறது. இப்படிப் பெற்ற ஆற்றல் ஏடிபி, என்ஏடிபிஎச் என்னும் மூலக்கூறுகளில் ஏறி, கால்வின் சுழற்சி என்னும் வேதிவினைத் தொடரில் சர்க்கரை உருவாகச் செலவாகிறது. வெளிவரும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து பிரிந்தது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1941இல் சாமுவேல் ரூபன், மார்ட்டின் கேமன் குழுவினர் ஆக்சிஜனின் கனமான வகையான ஆக்சிஜன்-18 கலந்த நீரைக் குளோரெல்லா பாசிக்குக் கொடுத்துப் பார்த்தபோது, வெளிவந்த வாயு நீரிலிருந்து வந்தது என்று தெரிந்தது.

பள்ளி ஆய்வகத்தில் ஆக்சிஜன் வெளிவருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பீக்கர் நீரில் வேலம்பாசி. அதன்மேல் கவிழ்த்த புனல். புனலின் காம்பில் நீர் நிரப்பிக் கவிழ்த்த சோதனைக்குழாய். வெயிலில் வைத்தால் தண்டின் வெட்டுவாயிலிருந்து குமிழிகள் சரம் சரமாக ஏறும். நிழலுக்கு நகர்த்தினால் சரம் தளரும்.

இலங்கைப் பாடநூல்களில் இதற்கு ஒளித்தொகுப்பு என்று பெயர். 'சிந்தசிஸ்' என்பதற்கு அது இன்னும் நெருக்கமானது, மகரந்தச் சேர்க்கையோடு மயங்கவும் இடமில்லை. எனவே என் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆனாலும் தமிழ்நாட்டில் ஒளிச்சேர்க்கை தலைமுறைகளாகப் புழங்கும் சொல். அதை மாற்றத் தேவையில்லை. வகுப்பில் ஒருமுறை தொகையை விரித்துக் காட்டினால் போதும். விரித்துப் புரிந்துகொண்டவர்கள் 'ஒளிசேர்க்கை' என்று எழுதவும் மாட்டார்கள். இத்தொகையில் வல்லினம் மிகும்.