கிரிப்டோ கணக்கு தொடங்குகிறவர்கள் எங்கே மாட்டுகிறார்கள்

கிரிப்டோ கணக்கு தொடங்குவது பத்து நிமிட வேலை. ஆப்பை இறக்கி, பான், ஆதார் கொடுத்து, கேமராவில் முகத்தைக் காட்டினால் முடிந்தது. பணம் போடுவதும் சுலபம். பணத்தை வெளியே எடுக்கும்போது, வரிக் கணக்கு கொடுக்கும்போது, வங்கிக் கணக்கு திடீரென்று முடங்கும்போதுதான் தலைவலி. உதவி கேட்டு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள். அதற்குள் செய்திருக்க வேண்டியதில் பாதி கைநழுவிப் போயிருக்கும். கிரிப்டோ வாங்கலாமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. வாங்குவது என்று தீர்மானித்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சட்டப் பின்னணி சுருக்கமாக. ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் வங்கிகளுக்குப் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. அந்தப் பழைய சுற்றறிக்கையைக் காட்டி வாடிக்கையாளரை மறுக்கக் கூடாது என்று 2021 மே 31 அன்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு எழுதியது. ஆக, வாங்குவதும் விற்பதும் குற்றம் இல்லை. ஆனால் இது ரூபாய் போலச் செல்லுபடியாகும் பணமும் இல்லை. 2022-ல் வரி வந்தது. 2023 மார்ச்சில் கிரிப்டோ நிறுவனங்கள் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. முதலீட்டாளரைப் பாதுகாக்கத் தனிச் சட்டம்? அது மட்டும் இன்னும் வரவில்லை. வரி வசூலிக்க 2022-லேயே வழி கண்டவர்களுக்கு இதற்கு நேரம் கிடைக்கவில்லை.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், “நிதி உளவுப் பிரிவில் பதிவு பெற்ற நிறுவனம்” என்று விளம்பரத்தில் போடுவார்கள். மேலே சொன்ன 2023 சட்டப்படி நிறுவனங்கள் பதிய வேண்டிய அரசுப் பிரிவு அது. பதிவு இல்லாத நிறுவனத்தில் கணக்கு தொடங்கவே கூடாது, அது சரி. 2023 டிசம்பரில் பதிவில்லாத ஒன்பது வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போய், அடுத்த மாதமே அவற்றின் தளங்கள் இங்கே முடக்கப்பட்டன. ஆனால் அந்தப் பதிவு ஒரு கடைக்கு ஜிஎஸ்டி எண் இருப்பது மாதிரிதான். சரக்கு நல்ல சரக்கு என்பதற்கு அது சான்றிதழ் ஆகாது. நிறுவனம் பணத்தைத் தராவிட்டால் செபியின் குறை தீர்க்கும் தளமும் எடுக்காது, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரும் எடுக்க மாட்டார்.

இனிஷியல் தொல்லை

நம் ஊர் ஆட்கள் முதலில் இடறுவது பெயரில்தான். தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பான் விண்ணப்பம் இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். அதனால் பான் அட்டையில் “செல்வி கருப்பையா”, வங்கிப் புத்தகத்தில் “கே. செல்வி”, கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய ஆதாரில் “செல்வி முருகன்” என்று ஒரே ஆள் மூன்று பேராக இருப்பார். கிரிப்டோ நிறுவனம் உங்கள் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் போட்டுப் பெயரைச் சரிபார்க்கும். பெயர் ஒத்துவராவிட்டால் கணக்கு இணையாது. சில இடங்களில் பணம் போடும்போது கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, எடுக்கப் போகும்போது “பெயர் பொருந்தவில்லை” என்று நிறுத்துவார்கள். இதுதான் கொடுமை.

அப்புறம் அலைச்சல் ஆரம்பிக்கும். நிறுவனத்தின் உதவிப் பிரிவு வங்கியைக் கேட்கச் சொல்லும். வங்கியில் ஆதாரை முதலில் சரிசெய்து வரச் சொல்வார்கள். ஆதார் மையத்தில் வேறு சான்று கேட்பார்கள். இந்த வட்டத்துக்குள் போகாதீர்கள். வருமான வரி பான் எண்ணில்தான் பதிவாகிறது, எனவே பானில் உள்ள பெயரை அச்சாக வைத்துக்கொண்டு, முதலில் வங்கிக் கணக்கின் பெயரை அதற்கு மாற்றுங்கள். பான் நகலோடு கிளையில் எழுதிக் கொடுத்து, ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றில் இதுதான் சுலபமானது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள், அதைச் சும்மா செலவழிக்க வேண்டாம்.

ஆதாரோடு இணைத்த செல்போன் எண் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய எண்ணை விட்டுவிட்டு ஓடிபி வரவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய. அதை மாற்றச் சான்று எதுவும் வேண்டாம். ஆதார் மையத்துக்கு நேரில் போய் விரல் வைத்தால் போதும். பானும் ஆதாரும் இணைக்கப்படவில்லை என்றால் பான் செயலிழந்ததாகக் கணக்கு. அந்த நிலையில் விற்றால், விற்கும்போதே பிடிக்கும் வரியாக (டிடிஎஸ்) 1 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிப்பார்கள், ரீஃபண்டும் வராது. 1,000 ரூபாய் அபராதம் கட்டி முதலில் இணைத்துவிடுங்கள்.

சம்பளக் கணக்கை இணைக்காதீர்கள்

இதை எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை. சம்பளம் வரும் கணக்கு, வீட்டுக் கடன் தவணை போகும் கணக்கு, பிள்ளைகள் கல்விக் கட்டணம் கட்டும் கணக்கு எதையும் கிரிப்டோவோடு இணைக்காதீர்கள். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். காரணம், முடக்கம்.

நடப்பது இதுதான். ஆளுக்கு ஆள் நேரடியாக வாங்கி விற்கும் பி-டு-பி முறையில் உங்கள் யுஎஸ்டிடி-யை (டாலர் மதிப்பை ஒட்டி ஓடும் காயின்) ஒருவர் சந்தை விலையைவிட இரண்டு மூன்று ரூபாய் கூடக் கொடுத்து வாங்குகிறார். உங்கள் கணக்கில் பணம் வந்துவிடுகிறது. அந்தப் பணம் எங்கோ வேறு மாநிலத்தில் ஏமாற்றப்பட்ட ஒருவருடையது. அவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் புகார் செய்ததும் பணம் போன வழியெல்லாம் கணக்குகள் முடக்கப்படும். நீங்கள் மூன்றாவது, நான்காவது கண்ணியாக இருந்தாலும் சரி. ஒரு நாள் காலையில் பால்காரருக்குப் பணம் அனுப்பும்போது போகாது. அப்போதுதான் தெரியவரும், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கிளைக்குப் போனால் “மேலிடத்தில் முடக்கியிருக்கிறார்கள், எங்கள் கையில் இல்லை” என்பார்கள். உள்ளூர் காவல் நிலையத்தில் “எங்கள் வழக்கு இல்லை” என்பார்கள். வெளிமாநிலக் காவல் நிலையத்தில் போனை எடுக்க மாட்டார்கள், எடுத்தால் இந்தியில் பேசி நேரில் வரச் சொல்வார்கள். உடனே ரயில் டிக்கெட் போட்டுவிட வேண்டாம். முதலில் கிளையில் எழுத்தில் கேளுங்கள்: புகார் ஒப்புகை எண் என்ன, எந்தக் காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல் என்ன, சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு. இந்த நான்கும் இல்லாமல் எங்கு போனாலும் வீண். வாயால் கேட்டால் வாயால் மறுப்பார்கள், அதனால் கடிதமாகக் கொடுங்கள்.

விவரம் கிடைத்ததும் விற்பனை ரசீது, எதிராளியோடு நடந்த உரையாடலின் படம், வங்கி அறிக்கை, உங்கள் அடையாளச் சான்று எல்லாவற்றையும் இணைத்து அந்த அதிகாரிக்கும் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். கோரிக்கை தெளிவாக இருக்கட்டும்: சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மீதிக் கணக்கை விடுவியுங்கள். 5,000 ரூபாய் புகாருக்காக நான்கு லட்சம் உள்ள கணக்கை முழுசாகப் பூட்டி வைப்பது நியாயமில்லை. தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்கியதை 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. அப்படி முடக்கும் காவல்துறை அதை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-வது பிரிவு சொல்கிறது. தெரிவித்தீர்களா என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராமல் போனாலும், கேட்டதற்கான சான்று நீதிமன்றத்தில் உதவும்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் பி-டு-பி பக்கமே போகாதீர்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால், ஆப்பில் உள்ள பெயரும் பணம் அனுப்புகிறவரின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். “என் மச்சான் கணக்கிலிருந்து வருது” என்றால் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு விலகுங்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன்: கமிஷனுக்காக உங்கள் வங்கிக் கணக்கையோ கிரிப்டோ கணக்கையோ யாருக்கும் வாடகைக்கு விடாதீர்கள். அதில் முடங்குவது கணக்கு மட்டுமில்லை, நீங்களே குற்றவாளிப் பட்டியலில் வருவீர்கள்.

வரி: “லாபமே இல்லையே” என்பது செல்லாது

லாபத்தில் 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது நட்டத்தைப் பற்றியது. ஒரு காயினில் 50,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 50,000 நட்டம் என்று வையுங்கள். கையில் மிஞ்சியது பூஜ்யம். வரி? 15,600 ரூபாய். நட்டத்தை வேறு காயின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. வாங்கிய விலை தவிர வேறு செலவு எதையும் கழிக்க விட மாட்டார்கள்.

“எனக்கு வேறு வருமானமே இல்லை, வரி வரம்புக்குள்தான் இருக்கிறேன்” என்று வரும் மாணவர்களும் இல்லத்தரசிகளும் அடுத்த பலி. அடிப்படை விலக்கு வரம்பு இந்த லாபத்துக்குப் பொருந்தாது. 20,000 ரூபாய் லாபம் என்றாலும் 6,240 ரூபாய் கட்ட வேண்டும். கணவர் கொடுத்த பணத்தில் மனைவி பெயரில் வாங்கினால் லாபம் கணவர் வருமானத்தில்தான் சேரும். அந்தக் குறுக்கு வழியும் அடைபட்டதே.

டிடிஎஸ் 1 சதவீதம் 2022 ஜூலை முதல் இருக்கிறது. லாபத்தில் இல்லை, விற்ற மொத்தத் தொகையில். ஒரு காயினைக் கொடுத்து இன்னொரு காயின் வாங்கினாலும் அது விற்பனைதான். 10,000 ரூபாயை வைத்துக்கொண்டு 50 முறை விற்று வாங்கினால், விலை அசையவே இல்லை என்றாலும் கிட்டத்தட்ட 4,000 ரூபாய் டிடிஎஸ்ஸாகப் போயிருக்கும். அது தொலைந்துவிடவில்லை, திரும்ப வாங்கலாம். ஆனால் ரிட்டர்ன் போட்டால்தான் வரும். போடாமல் விட்டவர்களின் பணம் அரசிடமே தங்கிவிடுகிறது, யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

ரிட்டர்னில் இன்னொரு பொறி. சம்பளக்காரர்கள் பழக்கத்தில் ஐடிஆர்-1 போடுகிறார்கள். அதில் கிரிப்டோவுக்கு இடமே கிடையாது. ஐடிஆர்-2, தொழில் வருமானம் இருந்தால் ஐடிஆர்-3. அதில் மெய்நிகர் சொத்துக்கென்று (கிரிப்டோவுக்கு வரித்துறை வைத்த பெயர்) தனி அட்டவணை உண்டு, ஒவ்வொரு விற்பனையும் வாங்கிய தேதி, விற்ற தேதி, விலையோடு அதில் ஏற வேண்டும். நூறு ரூபாய்க்கு ரிட்டர்ன் போடும் கடைகளில் இந்த அட்டவணையைத் தொட மாட்டார்கள், கேட்டு உறுதி செய்யுங்கள். துறைக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். பிடித்த டிடிஎஸ் கணக்கை நிறுவனம் துறைக்குத் தாக்கல் செய்ததும் உங்கள் பான் எண்ணில் விற்பனை ஏறிவிடுகிறது. ரிட்டர்ன் போடுவதற்கு முன், உங்கள் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தையும் வருடாந்திரத் தகவல் அறிக்கையையும் திறந்து, நிறுவனம் பிடித்ததை உண்மையில் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நல்ல செய்தியும் உண்டு: உங்கள் காயினை நிறுவனத்திலிருந்து உங்கள் சொந்த வாலெட்டுக்கு (காயினை நகர்த்தும் ரகசியச் சாவி உங்களிடமே இருக்கும் இடம்) மாற்றினால் அது விற்பனை ஆகாது, வரி இல்லை.

வாலெட் யார் கையில்

ஆப்பில் தெரியும் எண்ணிக்கை உங்கள் கையில் இருக்கும் காயின் இல்லை. சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் நிறுவனத்தின் வாலெட்டிலிருந்து சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காயின்கள் திருடுபோயின. எடுப்பது நிறுத்தப்பட்டது. விவகாரம் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்குப் போய், 2025 அக்டோபரில்தான் தளம் மீண்டும் திறந்தது. அதே மாதம், அந்த நிறுவனத்தில் எக்ஸ்ஆர்பி என்ற காயினை வைத்திருந்த ஒருவரின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கிரிப்டோவை ஒரு சொத்து என்றும், ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கக் கூடியது என்றும் சென்னை உயர் நீதிமன்றத்தில் சொன்னார். பணம் சென்னை வங்கிக் கணக்கிலிருந்து போனதால் இங்கேயே வழக்காட முடிந்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதைப் பெற உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

பெரிய தொகை என்றால் சொந்த வாலெட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒன்று பாருங்கள்: சில இந்திய ஆப்களில் காயினாக வெளியே எடுக்க வழியே இருக்காது, ரூபாயாக மட்டும்தான் எடுக்கலாம். கணக்கு தொடங்கும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சொந்த வாலெட் தொடங்கும்போது, அதை மீட்கும் சாவியாக 12 அல்லது 24 சொற்கள் வரும். அதைத் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். படம் எடுக்காதீர்கள், வாட்ஸாப்பில் உங்களுக்கே அனுப்பி வைக்காதீர்கள். தொலைந்தால் எந்த அலுவலகத்தில் மனு கொடுத்தாலும் திரும்பாது. இரண்டாம் கட்டப் பாதுகாப்புக்கு எஸ்எம்எஸ் ஓடிபி-யை விட, குறியீடு உருவாக்கும் ஆப் மேல். சிம்மை நகல் எடுத்துக் காலி செய்வது இப்போது ஒரு தொழிலாகவே நடக்கிறது. காயினை அனுப்பும்போது எந்த நெட்வொர்க் (காயின் போகும் வழித்தடம்) என்பதை இரண்டு பக்கமும் பாருங்கள். யுஎஸ்டிடி பல நெட்வொர்க்குகளில் ஓடுகிறது, தவறானதில் அனுப்பினால் வந்து சேராது. எக்ஸ்ஆர்பி-யை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால் முகவரியோடு, அது யாருடைய கணக்குக்கு என்று காட்டும் டேக் எண்ணும் வேண்டும். முதலில் சின்னத் தொகை அனுப்பி, வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு மீதி.

சிக்கல் வந்தால் கூகுளில் தேடிக் கிடைக்கும் “கஸ்டமர் கேர்” எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். அதில் பெரும்பாலானவை மோசடிக்காரர்கள் போட்டவை. ஆப்பின் உள்ளே இருக்கும் உதவிப் பகுதி மட்டும். பணம் போய்விட்டால் வீட்டில் ஆலோசித்துக்கொண்டு இருக்காமல் அப்போதே 1930. அதோடு நிறுத்தாதீர்கள், அங்கே பதிவது புகார் மட்டும்தான், எஃப்ஐஆர் ஆகாது. காவல் நிலையத்தில் “சைபர் பிரிவுக்குப் போங்கள்” என்று தள்ளினால், குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 173-வது பிரிவு இருப்பதை நினைவூட்டுங்கள். இன்னும் மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்ட்.

கடைசியாக, கணக்கு அறிக்கைகள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை முழு வரவு செலவையும் இறக்கிக் கணினியில் வையுங்கள். கிரிப்டோ நிறுவனங்களில் கோயினெக்ஸ் 2019-ல் மூடியது, பில்லோ 2023-ல் மூடியது, ஓகேஎக்ஸ் 2024-ல் இந்தியாவை விட்டுப் போனது. ஆப் போனால் நீங்கள் எந்த விலைக்கு வாங்கினீர்கள் என்ற சான்றும் அதோடு போய்விடும். வாங்கிய விலைக்குச் சான்று காட்ட முடியாதவரிடம் விற்ற தொகை முழுவதையும் லாபம் என்று வைத்து 30 சதவீதம் கேட்க வரி அதிகாரிக்கு வழி இருக்கிறது.