“தூக்கிட்டுப் போயிடலாம்” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்

பெங்களூரிலிருந்து மைசூர், ஊட்டி என்று குடும்பங்களை வேனில் அழைத்துப் போவது என் தொழில். அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம். பாட்டி முதல் பேரன்வரை சேர்ந்தே கிளம்புவார்கள். போன வாரமும் அப்படி ஒரு குடும்பம். பாட்டிக்கு வீல்சேர். மைசூர் பக்கம் ஒரு விடுதி, ‘வீல்சேர் வசதி உண்டு’ என்று இணையத்தில் போட்டிருந்தது. போனில் கேட்டபோதும் “ராம்ப் இருக்கு சார்” என்றார்கள். போய்ப் பார்த்தால் மூன்று படிகள்மேல் சாய்த்துவைத்த பலகை. கழிவறைக் கதவிலோ வீல்சேர் நுழையவே இல்லை.

“நாலு பேர் இருக்கோம்ணா, தூக்கிட்டுப் போயிடலாம்” என்றார் மகன். இதை இன்னும் எத்தனை குடும்பங்களில் கேட்பது!

தூக்கப்படுகிறவரிடம் யாராவது கேட்டீர்களா? எலும்பு தேய்ந்த உடம்புக்கு ஒரு தப்பான பிடி போதும். அதைவிட, ஒவ்வொரு முறையும் கழிவறைக்குப் போக மகனையும் மருமகனையும் கூப்பிட வேண்டுமென்றால், எந்தத் தாயும் கூப்பிட மாட்டார், தண்ணீரை நிறுத்திவிடுவார். அந்தப் பாட்டி காலையில் அரை டம்ளர் காபி குடித்ததோடு சரி. மதியம் பாட்டிலை நீட்டினால் “தாகமில்லப்பா” என்கிறார், உதடு வெடித்திருக்கிறது. வெயிலில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலிருந்தால் ஊர் திரும்பியதும் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல். பாசமாகத் தூக்குகிறோம் என்று நினைக்கிறீர்கள். நல்ல பாசம்தான், ஆனால் வழி அதுவல்ல.

விடுதிக்காரர்களுக்கு: ஓர் அடி உயரத்துக்குச் சரிவு பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். கதவு 90 செ.மீ. அகலம். இது நீங்கள் காட்டும் தயவு இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அணுகல் வசதிக்கான தர அளவுகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. டிஜிட்டல் சுற்றுலா என்று டிரோன் வீடியோ போடுகிறீர்களே, டேப் பிடித்து அளந்த கழிவறைக் கதவின் படம் ஒன்றையும் போடுங்கள். குடும்பங்களும் முன்பணம் கட்டும் முன்பே அந்தப் படத்தை வாட்ஸாப்பில் கேட்டு வாங்குங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

ஊட்டிக்கு வருவோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வண்டி நுழைய இ-பாஸ் (இணையத்தில் பதிவு செய்து வாங்கும் அனுமதி) வேண்டும். 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. மலை அதற்குமேல் தாங்காது. பாஸ் இலவசம், யாரிடமும் காசு கொடுத்து ஏமாறாதீர்கள். பாஸ் வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. பன்னிரண்டு பேர் மூன்று காரில் போனால் மூன்று பாஸ், மூன்று வண்டிப் புகை. ஒரே டெம்போ டிராவலரில் போங்கள். அரசுப் பேருந்தில் போனால் பாஸே வேண்டாம். ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்கள் தனியாகக் கிளம்பினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பதிவு செய்து, தாளில் அச்செடுத்துக் கையில் கொடுங்கள். சோதனைச்சாவடியில் போன் சிக்னலை நம்பி நிற்க வைக்காதீர்கள்.

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை அட்டைப்பெட்டியோடு ஏற்றாதீர்கள். நீலகிரியில் அதற்குத் தடை, மாநில எல்லையில் உள்ள கக்கநல்லா சோதனைச்சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள். ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் போதும், மேலே பாட்டிலில் குடிநீர் பிடித்துக்கொள்ளும் தண்ணீர் ஏடிஎம் இயந்திரங்கள் இருக்கின்றன.

மைசூரிலிருந்து ஊட்டி போகும் வழியிலுள்ள பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். அந்தக் கேட்டைப் பிடிக்க வேண்டுமே என்று பல டிரைவர்கள் கழிவறை நிறுத்தங்களை வெட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு மணி நேரம் முன்னால் புறப்பட்டு, காட்டுக்கு முன்னால் வரும் குண்டலுப்பேட்டையில் கட்டாயம் நிறுத்துங்கள். எந்த ஓட்டலில் படியில்லாத கழிவறை இருக்கிறது என்பதை முதல் நாளே போன் செய்து கேட்டுவையுங்கள்.