கிரேட் காளி ஏன் அவ்வளவு உயரம்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எட்டாவது படிக்கும் என் பையன் வீட்டு வாசற்படியில் கம்பி மாட்டச் சொல்லி அடம்பிடிக்கிறான். தினமும் தொங்கினால் கிரேட் காளி மாதிரி ஆகிவிடலாமாம். ஆகலாமா?”

எனக்கு உடனே, காளியைப் போன்ற மல்யுத்த வீரர்களின் படம் போட்ட டிரம்ப் கார்டு ஞாபகம்தான் வந்தது. பெஞ்சுக்கடியில் வைத்து விளையாடுவோம். கையில் பிக் ஷோ என்ற ராட்சத மல்லரின் கார்டு இருந்தால் ரேங்க், பைசெப்ஸ் எதையும் பார்க்க வேண்டாம். “உயரம்” என்று கூப்பிட்டால் போதும், எதிராளியின் கார்டு நம்முடையது. அந்த உயரம் எப்படி வந்தது என்று அப்போது யாரும் யோசித்ததில்லை.

காளியின் இயற்பெயர் தலீப் சிங் ராணா. 1972இல் இமாசலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தில், திரைனா என்ற மலைக்கிராமத்தில் பிறந்தவர். கூலி வேலை, சிம்லாவில் காவலாளி வேலை, அப்புறம் பஞ்சாப் போலீஸ், உடற்கட்டுப் போட்டிகள் என்று போய், 2007இல் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் உலக ஹெவிவெயிட் பட்டத்தையே வென்றார். அந்த நிறுவனத்தின் கணக்கில் உயரம் 7 அடி 1 அங்குலம். உடம்பைக் கட்டியது உடற்பயிற்சிதான், சந்தேகமில்லை. உயரத்தைக் கட்டியது வேறு.

மூளையின் அடியில் கொண்டைக்கடலை அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அது வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது, பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில், விட்டுவிட்டு. அந்தச் சுரப்பியில் ஒரு கட்டி வந்துவிட்டால் விட்டுவிட்டு வரவேண்டியது ஓயாமல் வரும். சிறு வயதில் வந்தால் அசுரத்தன்மை, வளர்ந்தபின் வந்தால் அக்ரோமெகலி, அதாவது உயரம் கூடாமல் தாடையும் கைகால்களும் தடிப்பது. பாடம் இத்தோடு முடிந்துவிடும். எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

சில வருஷங்களுக்கு முன் அண்ணன் மகன் சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஊன்றிக்கொண்டான். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. எலும்பு முறிந்தேவிட்டது என்று அண்ணி அழ ஆரம்பித்துவிட்டார். டாக்டர் சிரித்தார். “அது முறிவு இல்லம்மா. அந்தக் கோடு இருக்கிற வரைக்கும் பையன் வளருவான்.”

அதுதான் வளர்ச்சித் தட்டு. எலும்பின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே மெல்லிய குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது, அதனால் கறுப்பு. அதற்குள் நடப்பதைக் கடையில் வாங்கும் அப்பளக் கட்டை வைத்துச் சொல்லலாம். நுனிப் பக்கம் இருக்கும் செல்கள் பிரிந்து, தட்டையாகி, கட்டுக்குள் அப்பளம் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன. தண்டை ஒட்டிய கடைசிச் செல்கள் எண்ணெயில் போட்ட பூரி போல உப்புகின்றன, தம் பழைய பருமனைப் போலப் பல மடங்கு. அந்த உப்பல்தான் ஜாக்கி. எலும்பின் நுனியை அது தள்ளுகிறது, நீங்கள் ஒரு இழை உயரமாகிறீர்கள். உப்பிய செல்லைச் சுற்றிச் சுண்ணாம்பு படிகிறது, ரத்தக் குழாய் நுழைகிறது, செல் பெரும்பாலும் செத்துப்போகிறது. காலியான இடத்தில் எலும்பு செல்கள் வந்து பூசி முடிக்கின்றன. தட்டின் கனம் கூடுவதில்லை. இங்கே எலும்பாகும் அளவுக்கு அங்கே புது அடுக்கு பிறந்துவிடுகிறது. தாழ்வாரம் கட்டும் கொத்தனார் தன் சாரத்தையும் கூடவே தள்ளிக்கொண்டு போவது மாதிரி, தட்டு முன்னால் போக எலும்பு பின்னால் நீள்கிறது.

வளர்ச்சி ஹார்மோனும், அது கல்லீரலிலும் எலும்பிலும் கிளப்பிவிடும் இன்னொரு ஹார்மோனும் இந்த வேலையை விரைவுபடுத்துகின்றன. சரி, நிறுத்துவது யார்?

‘பெண் ஹார்மோன்’ என்று நாம் பெயர் வைத்திருக்கும் ஈஸ்ட்ரோஜன். ஆண்களுக்கும் அதேதான்! ஆணின் உடம்பு டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. அது தட்டில் இருக்கும் செல்களின் கையிருப்பைச் சீக்கிரம் செலவழிக்க வைக்கிறது. இருப்பு தீர்ந்ததும் நுனியும் தண்டும் ஒட்டிக்கொள்ளும், கோடு மறையும். பெண் பிள்ளைகள் முதலில் நெடுநெடுவென்று வளர்ந்து முதலில் நின்றுபோவதும் இதனால்தான்.

இது உறுதியானது ஒரே ஒரு மனிதரால். முழங்கால்கள் உள்நோக்கி வளைந்துகொண்டே போகின்றன என்று 28 வயது ஆண் ஒருவர் மருத்துவர்களிடம் போனார். உயரம் 204 சென்டிமீட்டர், எலும்போ 15 வயதுப் பையனுடையது போல. தட்டுகள் இன்னும் திறந்தே இருந்தன. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் தாராளமாக இருந்தது, அதை உணரும் ஏற்பிதான் மரபணுக் கோளாறால் செவிடாகியிருந்தது. 1994இல் அந்த ஆய்வு வெளியானது. ஒற்றை நோயாளியை ஆராய்ந்து நாட்டுக்கு என்ன லாபம் என்று கேட்கும் நிதிக் குழுக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முழங்கால்கள் நினைவுக்கு வரும்.

இப்போது ராட்சத மல்லர்களுக்கு வருவோம். சிறு வயதில் வரும் பிட்யூட்டரி கட்டி இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. ஒரு பக்கம் வளர்ச்சி ஹார்மோன் வெள்ளம். இன்னொரு பக்கம், பருவமடையச் சொல்லும் பக்கத்துச் செல்களைக் கட்டி நசுக்கிவிடலாம். அப்படியானால் பருவம் தள்ளிப்போகும், ஈஸ்ட்ரோஜன் தாமதமாகும், தட்டு மூடாது. ஆக்சிலரேட்டரை மிதித்த கால் எடுக்கவில்லை, பிரேக் வயரும் அறுந்துபோச்சு.

பிக் ஷோவும் காளி பிறந்த அதே 1972இல் பிறந்தவர். அவருக்கு 1990களின் தொடக்கத்திலேயே பிட்யூட்டரியில் அறுவை சிகிச்சை நடந்தது, வளர்ச்சி நின்றது. ஏழடி உடம்போடு எகிறி இரண்டு காலாலும் உதைக்கும் டிராப்கிக் அடித்தவர் அவர். காளிக்குக் கட்டியை எடுத்தது 2012இல், அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில், 39 வயதில். இவர்களுக்கெல்லாம் மூத்தவரான பிரான்சின் ராட்சத மல்லர் ஆந்த்ரே 1986இல் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அடுத்த வருஷம் ஹல்க் ஹோகனோடு மோதினார். 1993இல் இதயம் நின்று இறந்தபோது வயது 46.

காளி மெதுவாக நடக்கிறார் என்று கிண்டலடித்தவர்களில் நானும் ஒருவன். கணக்கைப் பாருங்கள். 173 சென்டிமீட்டர் ஆளை அதே வாகில் 216க்கு இழுத்தால் உயரம் 1.25 மடங்கு. எலும்பின் குறுக்குப் பரப்பு சுமார் 1.56 மடங்கு, எடையோ கிட்டத்தட்ட 1.95 மடங்கு. எலும்பு தடிப்பதைவிடச் சுமை வேகமாக ஏறுகிறது. கலிலியோ 1638இலேயே எழுதிவைத்த விஷயம் இது. போதாக்குறைக்கு இந்த ஹார்மோன் மூட்டுக் குருத்தெலும்பைக் கோணல்மாணலாகத் தடிக்கவைத்துத் தேய்க்கும், தசையைப் பெருக்கினாலும் அதற்கேற்ற பலம் தராது. ஜிம்மில் இதை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் அண்ணன்களுக்கும் ஒரு வார்த்தை: மூடிய தட்டு திறக்காது. தாடையும் கைகால் விரல்களும் தடிக்கும், சர்க்கரை ஏறும்.

ஆக, உங்கள் பையனுக்குக் கம்பியை மாட்டிக்கொடுங்கள், தோளுக்கு நல்லது. உயரத்துக்கென்று டப்பாவில் விற்கும் பவுடரை வாங்க வேண்டாம். அண்ணன் மகன் காலேஜ் கிரிக்கெட்டில் அதே கையில் மறுபடி அடிபட்டுப் போன மாதம் எக்ஸ்ரே எடுத்தான். கோடு இல்லை. ஐந்தடி ஏழு.