ஆபா எண்: எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது

மருத்துவமனைகளின் புறநோயாளர் பதிவு மேசைகளில் அண்மைக்காலமாகக் கேட்கப்படும் 14 இலக்க ஆபா (ஆயுஷ்மான் பாரத் ஹெல்த் அக்கவுண்ட், அதாவது சுகாதாரக் கணக்கு) எண்ணைக் காப்பீட்டு அட்டை என்று எண்ணிக்கொள்பவர்கள் பலர். இரண்டின் பெயரிலும் 'ஆயுஷ்மான் பாரத்' என்ற சொற்கள் இருப்பதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம் என்பது தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கும் காப்பீடு. தமிழ்நாட்டில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துடன் இணைத்து நடத்தப்படுகிறது. ஆபா எண் எந்தச் செலவையும் ஏற்காது. அதற்கு வருமான வரம்பும் கிடையாது. ஒருவருடைய மருத்துவ ஆவணங்கள், அவை எந்த மருத்துவமனையில் உருவானவையாக இருந்தாலும், அவருடையவைதாம் என்று அடையாளம் காட்டுவது மட்டுமே அதன் வேலை.

2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட தேசிய மின்னணுச் சுகாதார இயக்கம், புதுச்சேரி உள்ளிட்ட ஆறு ஒன்றியப் பகுதிகளில் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் என்ற பெயரில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. ஆபா எண் இந்த இயக்கத்தின் ஒரு பகுதி. தேசிய சுகாதார ஆணையம் இதனை நடத்துகிறது. எண்ணைப் பெறுவதற்குக் கட்டணம் இல்லை. ஆதாருடன் கைப்பேசி எண் இணைக்கப்பட்டிருந்தால் ஆபா இணையதளத்திலோ செயலியிலோ ஓடிபி மூலம் சில நிமிடங்களில் உருவாக்கிக்கொள்ளலாம். இணைக்கப்படாதவர்கள் இத்திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனையில் கைரேகை வைத்துப் பெறலாம். ஆதாரைக் கொடுக்க விரும்பாதவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் மாற்று வழியாக உள்ளது. ஆனால் அவர்களுக்கு முதலில் ஒரு பதிவு எண்தான் கிடைக்கும், நேரில் சென்று சரிபார்த்த பிறகே அது முழுமையான ஆபா எண்ணாகும். கொரோனா தடுப்பூசியின்போது ஆதாரைக் காட்டியவர்களில் பலருக்கு, அவர்கள் அறியாமலேயே இந்த எண் உருவாக்கப்பட்டுவிட்டது என்பதால், புதிதாக விண்ணப்பிக்கும் முன் தமக்கு ஏற்கெனவே எண் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. விருப்பத்தின் பேரில் மட்டுமே சேரலாம் என்று அறிவிக்கப்பட்ட ஒரு திட்டத்துக்கு இது பொருத்தமான தொடக்கமாக இருக்கவில்லை.

எண்ணுடன் 'ஆபா முகவரி' ஒன்றும் கிடைக்கும். மின்னஞ்சல் முகவரியைப் போன்ற தோற்றம் கொண்ட இதில் நமக்குப் பிடித்த பெயரை வைத்துக்கொள்ளலாம். ஆவணங்களைப் பகிர்வதற்கும் ஒப்புதல் கொடுப்பதற்கும் இந்த முகவரியே பயன்படுகிறது.

இப்போதைக்கு மக்கள் கண்கூடாக உணரும் பயன் பதிவு மேசையில்தான் இருக்கிறது. பெரிய அரசு மருத்துவமனைகளில் ஓ.பி. சீட்டுக்காகக் காலையில் நிற்கும் வரிசையின் நீளம் எல்லோரும் அறிந்ததே. இத்திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனையில் ஒட்டப்பட்டிருக்கும் கியூஆர் குறியீட்டைச் செயலியால் படித்தால், பெயர், வயது, பாலினம் முதலிய விவரங்கள் நேரடியாகப் பதிவுக் கணினிக்குச் சென்று, வரிசை எண் கைப்பேசிக்கு வந்துவிடும். 2022 அக்டோபரில் டெல்லியில் தொடங்கிய இந்த முறை பின்னர் பிற மாநிலங்களுக்கும் பரவியது. திறன்பேசி இல்லாதவர்களுக்கு இது நேரடியாக உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் திட்டத்தின் உயிர்நாடி ஒப்புதல் முறையே. நம்முடைய பரிசோதனை முடிவுகளும் மருந்துச் சீட்டுகளும் டெல்லியிலுள்ள ஒரே கணினியில் குவித்து வைக்கப்படுவதில்லை. எந்த மருத்துவமனையோ ஆய்வகமோ அவற்றை உருவாக்கியதோ அங்கேயே அவை இருக்கும். வேறொரு மருத்துவர் அவற்றைப் பார்க்க விரும்பினால், அவருடைய மருத்துவமனையிலிருந்து ஒரு கோரிக்கை நம் செயலிக்கு வரும். கேட்பவர் யார், எந்த நோக்கத்துக்காகக் கேட்கிறார், எந்த வகை ஆவணங்கள் வேண்டும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை உள்ளவை, எத்தனை காலத்துக்கு அந்த அனுமதி செல்லும் என்பவை அதில் இருக்கும். கேட்டதை அப்படியே கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எலும்பு மருத்துவருக்கு எக்ஸ்ரே அறிக்கை போதும் என்று நினைத்தால், மனநல மருத்துவமனையின் ஆவணங்களைத் தேர்விலிருந்து நீக்கிவிடலாம். ஆண்டுக் கணக்கில் கேட்கப்படும் காலத்தைச் சில நாட்களாகக் குறைக்கலாம். கொடுத்த ஒப்புதலைப் பின்னர் திரும்பப் பெறவும் செய்யலாம், எனினும் ஒருவர் ஏற்கெனவே படித்துவிட்டதை அவர் நினைவிலிருந்து அகற்ற முடியாது. ஆகவே, அந்தத் திரையை முழுவதும் படிக்காமல் சம்மதம் என்று அழுத்துவதும், பதிவு மேசையில் இருப்பவரிடம் கைப்பேசியைக் கொடுத்து அவரையே அழுத்தச் சொல்வதும், இத்திட்டம் கொடுக்கும் ஒரே பாதுகாப்பைக் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

எண் வாங்கிய உடனே பழைய மருத்துவ வரலாறு முழுவதும் செயலியில் வந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். மருத்துவமனையின் மென்பொருள் இத்திட்டத்துடன் இணைந்திருக்க வேண்டும். அந்த வருகையின்போது நம் ஆபா எண் பதிவாகியிருக்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் ஆவணம் இணைப்பில் வரும். ஒரே மருத்துவர் நடத்தும் சிறு கிளினிக்குகள் பலவற்றில் மருந்துச் சீட்டு இன்னும் கையால்தான் எழுதப்படுகிறது. பழைய காகிதங்களைப் படமெடுத்து நாமே செயலியில் ஏற்றி வைத்துக்கொள்ள வசதி உண்டு. சர்க்கரை நோய், சிறுநீரக நோய் போன்றவற்றுக்கு நெடுங்காலம் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு இது பயனுள்ள வேலை. மூலக் காகிதங்களை மட்டும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

சில மருத்துவமனைகள் எண்ணை வலியுறுத்திக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2023 ஜனவரி 1 முதல், ஆபா எண்ணுடன் இணைத்து உருவாக்கப்படும் மின்னணு ஆவணங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப, தகுதியுள்ள மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. கேட்பது தவறில்லை. எண் இல்லை என்பதற்காக மருத்துவத்தை மறுக்கத்தான் கூடாது. 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற சுகாதாரத் தரவு மேலாண்மைக் கொள்கை இதனைத் தெளிவாகக் கூறுகிறது. ஏற்கெனவே எண் வைத்திருப்பவர் வேண்டாம் என்று கருதினால், இணையதளத்தில் உள்நுழைந்து, அதைத் தற்காலிகமாக முடக்கவோ நிரந்தரமாக நீக்கவோ முடியும். நீக்கினாலும் மருத்துவமனைகள் தம்மிடம் வைத்திருக்கும் ஆவணங்கள் அங்கேயே இருக்கும். அந்த எண்ணின் வழியாக அவற்றைப் பெறும் வழி மட்டுமே அடைபடும்.