அம்மா, கொஞ்சம் வெளியே உட்காருங்கள்

பிள்ளைகளிடமே கேள்வி கேட்டுப் படிவத்தில் பதியும் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போகிறவள் நான். போன வாரம் கோலாலம்பூர் லெம்பா பந்தாய் பக்கம், பிபிஆர் என்கிற அரசு மலிவு விலை அடுக்குமாடியில் ஒரு வீடு. எதிரே தொடக்கப்பள்ளிப் பையன். "தம்பி, காலையில பள்ளிக்குப் போறதுக்கு முன்னாடி பசியாறுவியா?" என்று கேட்டேன். அவன் வாய் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து குரல்: "டெய்லி சாப்பிடுவான்கா, மைலோ ரொட்டி எல்லாம் மேசையில வச்சிட்டுதான் நான் வேலைக்குப் போவேன்." பையன் தரையைப் பார்த்தான். இது எத்தனையாவது வீடு என்று எண்ணுவதை நான் நிறுத்திப் பல நாளாகிறது.

"சின்னப் பிள்ளைக்கு என்னக்கா தெரியும், எங்களைக் கேளுங்க." இந்த ஒரு வாக்கியத்தால்தான் பாதிப் படிவங்கள் வீணாகின்றன. வீட்டு வாடகை, அப்பாவின் சம்பளம், கடன் பாக்கி எல்லாம் பிள்ளைக்குத் தெரியாதுதான். அதற்குப் பெரியவர்களுக்கென்று தனிப் படிவம் இருக்கிறது, அதில் தாராளமாகச் சொல்லுங்கள். மின்தூக்கியில் யார் நின்றால் உங்கள் மகள் படியில் இறங்குகிறாள் என்பது உங்களுக்குத் தெரியுமா? பள்ளி வேனில் பின்சீட்டில் நடப்பது? நீங்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. மைலோவை வைத்தது நீங்கள். குடித்தார்களா என்று பார்த்தது நீங்கள் அல்ல.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்பிள்ளை இதே கேள்விக்கு "குடிக்கமாட்டேன்" என்றாள். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) ஏன் என்றால், குடித்தால் பள்ளியில் கழிவறைக்குப் போகவேண்டி வரும், அங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அவள் அம்மா பதில் சொல்லியிருந்தால் "பசியாறுகிறாள்" என்று பதிவாகியிருக்கும். "பசியாறவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தாலும் கணக்கு உணவுத் திட்டத்தின் பக்கம் போயிருக்கும். தாழ்ப்பாளைப் பற்றி யாரும் யோசித்திருக்கமாட்டார்கள்.

2018-இல் யுனிசெஃப் வெளியிட்ட கோலாலம்பூர் மலிவு விலை அடுக்குமாடி ஆய்வில், ஏறக்குறைய பத்தில் ஒரு பிள்ளைக்கு மூன்று வேளைச் சாப்பாடு இல்லை என்று தெரியவந்தது. இப்படிப்பட்ட எண்கள்தான் அமைச்சின் மேசைக்குப் போகின்றன. 18 வயதானவர்களுக்கு 2021 டிசம்பரிலிருந்து ஓட்டு இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு? பிள்ளைகளுக்கும் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு என்கிற ஐநா உடன்படிக்கையில் மலேசியா 1995-இலேயே சேர்ந்துவிட்டது. நாம்தான் இன்னும் அடுப்படியிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆசிரியர்களே, உங்களுக்கும் ஒன்று. "சரியான விடையை எழுதுங்க, பள்ளிப் பேரைக் கெடுத்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு வரிசை வரிசையாக நடக்காதீர்கள். ஒரு வகுப்பே "ஒருபோதும் இல்லை" என்று வட்டமிட்ட கட்டைக் கையில் வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு. தாளைச் சேகரிப்பது எங்கள் வேலை. நீங்கள் வாங்கிப் புரட்டிப் பார்க்கக் கூடாது.

எங்கள் ஆட்களிடமும் குறை இருக்கிறது. "பகடிவதைக்கு ஆளானாயா?" என்று படிவத்தில் இருப்பதை அப்படியே வாசித்தால் ஒன்பது வயதுப் பிள்ளை தலையைத்தான் ஆட்டும். "யாராச்சும் வேணும்னே அடிச்சாங்களா, காசைப் பிடுங்கினாங்களா, பட்டப்பேர் வச்சாங்களா" என்று கேளுங்கள், கொட்டும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லித்தான் ஆகவேண்டும், அதைத் தொடங்கும்போதே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே (Talian Kasih) எண் 15999 கைப்பையில் இருக்கட்டும்.

பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளை "வேணாம்" என்றால் விட்டுவிடுவோம். பதில் சொல்லாததற்காக அப்புறம் திட்டாதீர்கள். என்ன சொன்னாய் என்று துருவியும் கேட்காதீர்கள்.

அடுத்த வாரம் செந்தூல் பக்கம் வருகிறோம். கதவு திறந்தே இருக்கும், நாற்காலியை வராந்தாவில் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை உங்கள் கண்ணில் படும், குரல் மட்டும் கேட்காது. இருபது நிமிஷம்தான், அம்மா.