வேப்பிலை கட்டிய படலையும் தாள் ஒட்டிய படலையும்

சென்ற மாதம் மட்டக்களப்பில் ஆரையம்பதிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழு வயதுப் பெண்பிள்ளைக்குக் கொப்புளிப்பான் (சின்னம்மை). அதே வகுப்பில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு வந்திருப்பதாகப் பாடசாலையிலிருந்து தகவல் கிடைத்ததால் பார்த்துவரப் போனேன். படலையில் வேப்பிலைக் கொத்துத் தொங்கியது. மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் தாய் வெளியே வந்தார். என் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். "சேர், தாள் ஒட்டப் போகிறீர்களா?" என்றார்.

கொரோனா போய் எத்தனையோ நாளாகிவிட்டது. அப்போது வீட்டு வாசலில் நாங்கள் ஒட்டிய தனிமைப்படுத்தல் தாள் மட்டும் இன்னும் மனத்திலிருந்து உரியவில்லை.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஊரில் பி.எச்.ஐ. என்றால்தான் தெரியும். 2020 மார்ச்சில் இத்தாலியிலிருந்தும் தென்கொரியாவிலிருந்தும் வந்தவர்களைப் புணாணைக்குக் கொண்டுவந்து தனிமைப்படுத்தியபோது, நோய் எங்கேயோ காட்டுக்குள் முட்கம்பிக்குப் பின்னால் இருக்கிறது என்றுதான் மட்டக்களப்பில் பலரும் நினைத்தார்கள். மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அந்த ஒக்டோபரில் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன்சந்தையில் தொடங்கிய தொற்றுக் கொத்தணி எங்கள் மாவட்டத்து வாழைச்சேனை வரைக்கும் வந்து சேர்ந்தது. அதன்பிறகு நோய் நம் வேலிக்கு உள்ளே. வீடு வீடாக அறிவித்தல் தாள் ஒட்டும் வேலை எங்கள் தலையில் விழுந்தது.

நான் தாள் ஒட்டிய ஒரு வீட்டில் அந்த அம்மா காலையில் இடியப்பம் அவித்து விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். பதினான்கு நாள் முடிந்து, யாருக்கும் நோயில்லை என்று எழுதிக்கொடுத்த பிறகும் இரண்டு மாதத்துக்கு அவரிடம் யாரும் இடியப்பம் வாங்கவில்லை. சட்டப்படி என் வேலை பதினைந்தாம் நாளோடு முடிந்துவிட்டது. அவருக்கு அன்றைக்குத்தான் தொடங்கியது.

சட்டம் எங்களுக்குத் தந்திருக்கும் அதிகாரம் பழையது. 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். பிளேக்கும் வாந்திபேதியும் கப்பலில் வந்த காலத்துச் சட்டம் அது. 2020 ஒக்டோபரில் அதன் கீழ் முகக்கவசத்தையும் ஒரு மீற்றர் இடைவெளியையும் கட்டாயமாக்கி ஒழுங்குவிதிகள் வந்தன. மீறினால் ரூ.10,000 வரை தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் எங்கள் பேச்சை யார் கேட்பார்கள்? ஆனால் கப்பலுக்கு எழுதப்பட்ட சட்டத்துக்கு நம்முடைய வளவைத் தெரியாது.

வேப்பிலை கட்டிய வீட்டை நினைத்துப் பாருங்கள். அம்மாள் வந்திருக்கிறாள் என்றால் வெளியார் உள்ளே போவதில்லை. வீட்டார் கல்யாணம், சாமத்தியவீடு என்று எங்கும் போவதில்லை. தாளிப்பு இல்லை, மீன் இல்லை. பார்க்க வருகிறவர்கள் படலையில் நின்றபடி சுகம் கேட்டுவிட்டு, கொண்டுவந்த இளநீரை அங்கேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். கணக்குப் பார்த்தால் நாங்கள் தாளில் எழுதிய விதிகள் முக்கால்வாசியும் அதற்குள்ளே இருக்கின்றன. பொலிசும் இல்லை, தண்டமும் இல்லை. ஆனாலும் ஒருவரும் மீறுவதில்லை. ஏனென்றால் அந்த வீட்டுக்கு ஊர் அஞ்சுகிறது, கூடவே மரியாதையும் கொடுக்கிறது. தாள் ஒட்டிய வீட்டுக்குக் கிடைத்தது அச்சம் மட்டும்தான்.

வேப்பிலைக்கும் குறையுண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் என் தொழிலுக்குத் துரோகம் செய்தவனாவேன். அம்மாள் வந்திருக்கும்போது வைத்தியரிடம் போகக்கூடாது என்று காய்ச்சல் தலைக்கேறும்வரை பிள்ளையை வைத்திருந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நாள் கணக்காக உடம்பில் தண்ணீர் படாமல் கொப்புளங்கள் சீழ் பிடித்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

இனி, வளவு. வெளியூர்க்காரர்களுக்கு இது புரிவது கடினம். எங்கள் பக்கத்தில், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பது வழக்கம். மூத்தவளுக்கு முன்வீடு. இளையவளுக்கு அதே வளவுக்குள் பக்கத்தில் ஒன்று. தாயும் தகப்பனும் பின்னால் ஒரு சிறிய அறையும் குசினியுமாக ஒதுங்கிக்கொள்வார்கள். நடுவில் வேலி கிடையாது. கிணறு ஒன்று, சில இடங்களில் கழிப்பறையும் ஒன்றுதான். கிராம சேவையாளரின் பட்டியலில் இவை மூன்று குடும்பங்கள். வாழ்க்கையில் ஒரே வீடு.

இந்த இடத்தில் நானே பிழை விட்டேன். முன்வீட்டு மருமகன் கொழும்பிலிருந்து வந்தவர் என்பதற்காக முன்வீட்டுக்கு மட்டும் தாளை ஒட்டினேன். "வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர்களும் போகவில்லைதான். பின்னாலிருந்த தாயின் குசினிக்குப் போனதை வெளியே போனதாக அவர்கள் எண்ணவேயில்லை. எப்படி எண்ணுவார்கள்? ஒரு கிழமைக்குள் மூன்று வீட்டிலும் காய்ச்சல். மூத்த அம்மாவை வைத்தியசாலையில் சேர்க்க வேண்டியதாயிற்று. நல்லகாலம், தப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு வீடு என்பதற்கு என் கணக்கு வேறு. ஒரே உலையில் சமைத்து உண்பவர்கள் ஒரு வீடு, கூரை எத்தனை இருந்தாலும் சரி. படலைக்கு உள்ளே போனதும் முதலில் கேட்பது, "இங்கே எத்தனை அடுப்பு எரிகிறது?" என்றுதான். சிரிப்பார்கள். ஆனால் சரியான பதில் வரும். வெவ்வேறு அடுப்பென்றால் கிணற்றுக்கும் கழிப்பறைக்கும் நேரம் பிரித்துக் கொடுப்பேன்: நோயுள்ள வீட்டார் கடைசியில், பாவித்த பிறகு குளோரின் கரைத்த தண்ணீரால் கைபடும் இடங்களைத் துடைத்துவிட்டு. கிணற்றுத் தண்ணீரால் கொரோனா வருமா என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். கிணற்றால் வராது. கிணற்றடியில் நின்று கதைப்பதால் வரும்.

வீட்டுக்குள் இரு என்று சொல்வது சுலபம். வெளியே எதை விட்டுவிட்டு ஒருவர் உள்ளே போகிறார் என்பதை நாங்கள் கேட்பதில்லை. இதை எனக்குக் கற்றுத்தந்தவர் வாவியில் தொழில் செய்யும் ஒருவர். அதிகாலை மூன்று மணிக்குத் தோணியோடு பிடிபட்டார். தனிமைப்படுத்தலை மீறினார் என்று வழக்கு எழுதத் தயாராகிவிட்டார்கள். ஏன் போனாய் என்று நானும் சத்தம் போட்டேன். முதல்நாள் மாலை வலை விட்டிருக்கிறார். அன்றிரவு அவரை உள்ளே அடைத்தாயிற்று. வலையை எடுக்காவிட்டால் மீன் அழுகும், நண்டு வலையைக் கிழித்துவிடும், வலை போனால் தொழிலே போய்விடும். அவர் அதைச் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை. பக்கத்துத் தோணிக்காரரிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிகிற வேலை.

அன்றிலிருந்து ஒரு வீட்டை அடைக்குமுன் ஒரு கேள்வி கேட்கத் தொடங்கினேன்: "வெளியே என்ன நிற்கிறது?" விட்ட வலை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கட்டிய மாடு. அறுவடைக்குப் பேசிவைத்த இயந்திரம். நகை அடகு மீட்கவேண்டிய திகதி. நீரிழிவு கிளினிக் நாள். ஒருமுறை ஒரு பெரியவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "ஒரு சண்டை நிற்கிறது" என்றார். அதை மட்டும் பதினான்கு நாளுக்கு ஒத்திவைக்கச் சொன்னேன்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2020 ஏப்ரலில் ரூ.5,000 கொடுப்பனவு வந்தது. தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு இரண்டு கிழமைக்கு ரூ.10,000 பெறுமதியான உலர் உணவுப் பொதி என்று ஏற்பாடும் இருந்தது. கிளினிக் மருந்துகள் தபால் மூலமாகவும் வீடு தேடிப் போயின. பிரச்சினை திகதியில் இருந்தது. தாள் முதலாம் நாளே வந்துவிடும், பொதி எட்டாம் நாளோ பத்தாம் நாளோ வரும். நாட்கூலி மேசன் வீட்டில் அரிசி எட்டு நாளைக்கு இருக்காது. மூன்றாம் நாள் அவர் வேலி தாண்டினால் அதை விதிமீறல் என்று எழுதுவதற்கு எனக்குக் கை வரவில்லை. என் தனிப்பட்ட எண்ணம்: பொதி வந்து சேராத வீட்டில் தாள் ஒட்டக்கூடாது. இரண்டும் ஒரே கையால், ஒரே நாளில் போகவேண்டும். மேலிடத்துக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது நடைமுறைக்கு ஒத்துவராது என்றார்கள். எங்கள் ஊரில் கோயில் நிருவாகமும் பள்ளிவாசல் சம்மேளனமும் வாலிபர்களும் அதைத்தான் செய்து காட்டினார்கள். தாள் ஒட்டிய அன்று மாலையே படலையில் அரிசியும் பருப்பும் தொங்கின.

பயத்தால் நோயை மறைத்த கதையும் உண்டு. கொரோனாவால் இறந்தவர்களை எரித்தே ஆகவேண்டும் என்ற விதி 2020 ஏப்ரலில் வந்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்றே சொல்லியிருந்தது. விதி திருத்தப்பட்டு, ஓட்டமாவடி சூடுபத்தினசேனையில் முதல் ஜனாஸா அடக்கப்பட்டது 2021 மார்ச் 5இல். இடைப்பட்ட அந்தப் பத்துக்கும் மேற்பட்ட மாதங்களும் முஸ்லிம் பகுதிகளில் வேலைசெய்த எங்களுக்குத் தெரியும். இருமல் இருந்தாலும் இல்லை என்பார்கள். பரிசோதனைக்கு வா என்றால் கதவு திறக்காது. உம்மாவை எரித்துவிடுவார்கள் என்ற பயம். மருத்துவக் காரணமே இல்லாத ஒரு விதி, காரணமுள்ள மற்ற எல்லா விதிகளையும் கெடுத்துவிட்டது. வீட்டில் இரு என்று நாங்கள் சொன்னதை அவர்கள் மிகச் சரியாகச் செய்தார்கள், நோயாளியையும் சேர்த்து வீட்டிலேயே ஒளித்துவைத்து.

இப்போது அந்தத் தாய் கேட்டதற்கு வருகிறேன். எல்லா நோய்க்கும் பதினான்கு நாள் கிடையாது. கொரோனாவுக்கு அந்தக் கணக்கு வந்தது, தொற்றியவருக்கு அறிகுறி தெரிய இரண்டு முதல் பதினான்கு நாள் வரை ஆகலாம் என்பதால். அது நோயாளியோடு பழகியவருக்கான கணக்கு. நோயாளியின் கணக்கு வேறு. இரண்டையும் "தனிமைப்படுத்தல்" என்ற ஒரே சொல்லால் அழைத்து மக்களை நாங்களே குழப்பிவிட்டோம்.

கொப்புளிப்பான் கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்னதாகவே தொற்றத் தொடங்கும். கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குக் கட்டினால் தொற்றாது. ஆகவே நாட்காட்டியைப் பார்க்க வேண்டாம், பிள்ளையின் முதுகைப் பாருங்கள். நோய் வராத அக்காவும் தம்பியும் பாடசாலை போகலாம், ஆனால் மூன்று கிழமைக்கு அவர்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும். முன்பு கொப்புளிப்பான் வராத கர்ப்பிணிகள் அந்த வளவுக்குள் வரவேகூடாது. ஏற்கெனவே வந்துவிட்டுப் போயிருந்தால் தாமதிக்காமல் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுக்க வேண்டாம். குளிக்கவைப்பதில் பிழையில்லை. வேப்பிலை தாராளமாக இருக்கட்டும், வைத்தியரும் இருக்கட்டும்.

டெங்கு நேர்மாறானது. வீட்டில் அடைத்து வைப்பதால் அது நிற்காது, அந்த நுளம்பு கடிப்பதே பகலில், வீட்டுக்குள்ளும் முற்றத்திலும். நோயாளியை நுளம்பு வலைக்குள் வைக்கவேண்டும், வளவிலுள்ள சிரட்டை, ரயர், பூச்சட்டித் தட்டுத் தண்ணீரைக் கிழமைக்கு ஒருமுறை கொட்டவேண்டும். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள்தான். ஊரே முடங்கிப் பூட்டிக் கிடந்த பாடசாலைகளிலும் கடைகளிலும் நாங்கள் பிறகு போய்ப் பார்த்த புழுக்களை இங்கே எழுதினால் சோறு இறங்காது.

காய்ச்சல், இருமலுடன் வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள், முக்கியமாக முதியோர் உள்ள வீடுகள், ஒரு விடயத்தை மறக்கக்கூடாது. மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடைக்கிறது, பேச்சுத் தடுமாறுகிறது, விரலில் மாட்டும் ஒட்சிசன் அளக்கும் கருவி 94க்குக் கீழே காட்டுகிறது என்றால், எந்த விதியும் உங்களை வீட்டில் வைத்திருக்கவில்லை. 1990ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரையான நீண்ட முடக்கத்தில், வெளியே போனால் பிடிப்பார்கள் என்று மூச்சுத் திணறத் திணற விடியும்வரை காத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

அந்தத் தாயிடம் தாள் எதுவும் இல்லை என்றேன். நம்பாமல் கோப்பைத் திறந்து காட்டச் சொன்னார், காட்டினேன். பிள்ளையின் அம்மம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: தண்ணீர் வார்த்து வேப்பிலை இறக்கும் நாளில் அறிவிக்கிறோம், அன்றைக்கு வந்து பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் தரவேண்டும். ஒன்பதாம் நாள் அழைத்தார்கள். போனேன், முதுகைப் பார்த்தேன், ஒரு கொப்புளம் இன்னும் ஈரமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து வருகிறேன் என்றேன். அம்மம்மா வேப்பிலையை மறுபடி கட்டிவிட்டார்.